வேப்பிலை கட்டியது யாருக்காக

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வரவேண்டிய கீரை ஏழேமுக்கால் ஆகியும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாகக் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். நாள் முழுக்க ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை நான் மூடுவதில்லை என்று என் வீட்டுக்காரர் அழகேசன் சொல்வார். அவர் திருச்சிப் பக்கம், ஐ.டி. வேலை. யார் எதைச் சொன்னாலும் நிதானமாகத் தலையாட்டுவார். அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுவிடுவது என்று கல்யாணமான புதிதிலேயே எங்களுக்குள் ஏற்பாடாகிவிட்டது.

கீரை என் அண்ணன் லோகநாதனுடையது. நசரத்பேட்டையில் நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறான். குத்தம்பாக்கத்தில் மிச்சமிருக்கிற அரை ஏக்கரில் கீரை போடுகிறான். விடிந்ததும் ஒரு கம்பெனி வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆவடி வரைக்கும் ஓட்டுகிறான். புதன்கிழமைதோறும் அந்த வேனைச் சுற்று வழியாக அம்பத்தூருக்குத் திருப்பி, எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் அரைக்கீரை ஒரு கட்டும் சிறுகீரை ஒரு கட்டும் கொடுத்துவிட்டுப் போவான். மேலே வா என்றால், "வேன்ல ஆளுங்க கீறாங்கோ" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவான்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவனுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து எனக்கு வைத்தார்கள். அவன் படுக்கையிலிருந்து எழுந்து வேலைக்குத் திரும்பிய வாரத்திலிருந்து கீரை வருகிறது. ஒரு புதன்கூடத் தவறியதில்லை. அதனால்தான் கோபத்துக்கு அடியில் எனக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது. போன் போட்டேன். எடுத்தது அண்ணி சாமுண்டீஸ்வரி.

"அண்ணன் எங்க அண்ணி? கீரை வரல."

"வரமாட்டாரு. ரெண்டு வாரத்துக்கு வரமாட்டாரு. நீயும் இந்தாண்ட வராத தேவி. வாசல்ல வேப்பிலை சொருவிகீது."

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்தில் வேப்பிலை இல்லாத வாசலே கிடையாது. ஆனால் அதை யாரும் போனில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அண்ணி சொன்னது அம்மை வந்த வீட்டில் சொருகுகிற வேப்பிலை.

"யாருக்கு அண்ணி?"

"ஸ்வாதிக்கு. நேத்து சாயங்காலம் முதுவுல ரெண்டு முத்து பாத்தேன். காலைல பாத்தா மூஞ்சி பூரா போட்டுகீது."

ஸ்வாதி அண்ணன் மகள், ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் மடியில் தலைவைத்து ஒரு மணி நேரம் தூங்கினாள்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் ஆடிக் கூழ். போக வேண்டாம் என்று அழகேசன் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்வது வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், அப்படியும் நான் கேட்கவில்லை. எட்டு மாதம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலேயே கிடந்த எரிச்சல். மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். கூழ் குடிக்க அதைக் கழற்றினேன். பிறகு மறுபடி போடவில்லை, ஏனென்றால் ஸ்வாதி, "அத்தை, உன் மூஞ்சே மறந்துபூடுச்சு" என்றாள்.

"நேத்தே எனக்குச் சொல்லி இருக்கலாமில்ல அண்ணி?"

"அம்மா ஊட்டுக்கு வந்துகிறா. அத போன் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லுவாங்களா? நீ வந்தது ஞாத்திக்கெழம. அன்னிக்கு கொயந்த உடம்புல ஒண்ணியும் இல்லியே. முத்தப் பாத்த நிமிசத்துலேர்ந்து நாங்க ஒருத்தரயும் உள்ள உடல. உங்க அண்ணன் வேனுக்குக்கூட போவல. தாளிக்கல, வறுக்கல, ஒரு பொருள் குடுக்கல வாங்கல."

அண்ணி ஒரு விதியையும் மீறவில்லை. எங்கள் குடும்பத்தில் அம்மையின் கணக்கு முதல் முத்திலிருந்து தொடங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது முடியும். முத்துக்கு முந்தைய நாட்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. டாக்டர்கள் இரண்டு நாள் முன்னாலிருந்தே எண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கு அதை யாரும் சொன்னதில்லை, நானும்தான் சொல்லவில்லை. இருந்தும் போனில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. கடைசியில் அண்ணி அழுததும் நான் வைத்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஃபைலை எடுத்துக்கொண்டு நானும் அழகேசனும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அந்த ஃபைலின் அட்டையில் சிவப்பு எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது: இம்யூனோகாம்ப்ரமைஸ்டு. அதற்குக் கீழே தமிழில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள்: நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர். அந்தத் தமிழ் முத்திரை முதல் நாளிலிருந்தே எனக்கு ஆகாது. என் வேலையில் குறையுள்ளது என்றால் நேரே சிவப்புத் தொட்டிதான். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அந்த அட்டையை நீட்டும்போதெல்லாம், சிவப்புத் தொட்டியிலிருந்து யாரோ என்னைப் பொறுக்கி எடுத்து வந்திருப்பதாகத் தோன்றும்.

இங்கே என்னைப் பார்க்கும் டாக்டர் சுரேகாவுக்கு என்னைவிட வயது குறைவு. நான் கத்தினால் கத்தி முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அன்றைக்கு நான் கத்தவில்லை, அதிலேயே அவர் முகம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். மடியில் தூங்கியதையும் மறைக்கவில்லை.

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

"இல்லை டாக்டர். எங்க அண்ணனுக்குத்தான் வந்துச்சு."

"நிச்சயமா தெரியுமா?"

"எனக்கு ஆறு வயசு, அவனுக்குப் பத்து. அவனுக்கு அம்மை போட்டதுக்காக எங்கம்மா என்னைப் பெரியபாளையம் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் வேப்பிலை கட்ட வச்சாங்க. உடம்பு பூரா வேப்பிலை. அதை எப்படி மறப்பேன்."

ஆபரேஷனுக்கு முன்பு செய்த ரத்தப் பரிசோதனைத் தாள்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்மைக்கான தாள் அதில் இல்லை. ஆபரேஷன் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நடந்தது, கேட்டு வாங்க நாளாகும். "புதுசா எடுத்துடலாம்" என்றார்.

"வந்தா என்ன ஆகும் டாக்டர்? நேரா சொல்லுங்க."

அவர் நேராகவே சொன்னார். ஸ்வாதிக்கு அது பத்து நாள் அரிப்பு. என் மாதிரி உடம்பில் அது தோலோடு நிற்காமல் நுரையீரலுக்குப் போகலாம், அதற்கு மேலும் போகலாம். அப்போது என் உடம்பைச் சண்டைபோட விடுவதற்காக எட்டு மணி மாத்திரைகளைக் குறைக்க வேண்டிவரும். குறைத்தால் உடம்பு அண்ணனுடைய சிறுநீரகத்தோடும் சண்டைக்குப் போய்விடும். அம்மைக்கு எதிரான ஓர் ஊசி இருக்கிறது. நான்கு நாளைக்குள் போட்டால் நல்லது, அதற்கப்புறமும் சில நாள் வரை போடலாம், ஆனால் அது கையிருப்பில் இல்லை, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ரத்தத்தில் பழைய அம்மையின் அடையாளம் இருந்துவிட்டால் அந்த ஊசியே வேண்டாம். நாளை மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

நான் ஃபைல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்குத்தான் எல்லாமே குறைவாச்சே, அடையாளம் மட்டும் எப்படி இருக்கும்?"

"குறைஞ்சு போகலை தேவிப்பிரியா. நாங்கதான் குறைச்சு வச்சிருக்கோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு." பிறகு அவர் விளக்கியதை என் மொழிக்கு மாற்றிச் சொல்கிறேன். உடம்புக்குள்ளும் ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இருக்கிறாள். வெளியிலிருந்து எது வந்தாலும் எடுத்துப் பார்த்து, நம் சரக்கில்லை என்றால் தூக்கி எறிவாள். அண்ணனின் சிறுநீரகமும் அவளுக்கு வெளிச்சரக்குதான். அதை எறிந்துவிடாமல் இருக்கக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை கொடுத்து அவளைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தூக்கத்துக்குத்தான் இந்தப் பெரிய பெயர். ஆனால் எப்போதோ ஒரு நோயைப் பிடித்துத் துரத்தியிருந்தால், பாதித் தூக்கத்திலும் அதன் முகம் அவளுக்கு மறக்காது.

வேலையில் தூங்குகிற இன்ஸ்பெக்டரை நான் மன்னித்ததே கிடையாது. என்றாலும் அன்றைக்கு அவள்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சாமுண்டி சொன்னா. இன்னா சொல்றாங்கோ டாக்டரு?"

"சின்ன வயசுல எனக்கு அம்மை வந்துதான்னு கேக்கறாங்க."

"வந்துச்சே. உனக்குத்தான் மொதல்ல போட்டுச்சு. நீதான் எனக்கு ஒட்ட வெச்ச."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பகூட ஏன்ணா பொய் சொல்ற? உனக்குப் போட்டதுக்குத்தான் நான் வேப்பிலை கட்டினேன். அம்மாவே சொன்னாங்க."

அந்தப் பக்கம் எங்கோ கோழி கத்தியது. "சரி உடு. அதான் டெஸ்டு எடுத்துட்டல்ல" என்றான்.

அவன் சொல்வதை நம்பாததற்கு எனக்குக் காரணம் உண்டு. அடுத்தவர் பயத்தைக் குறைக்க வாய் கூசாமல் பொய் சொல்கிறவன் என் அண்ணன். ஆபரேஷன் முடிந்து என்னைப் பார்க்க வந்தபோது, "ஊசி குத்தன மாரிதான் இருந்துச்சு, நான் தூங்கிட்டேன்" என்றான். ஒரு வாரம் அவனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை என்பதை அண்ணிதான் மாதங்கள் கழித்து உளறினாள். அப்பா இறந்த அன்று, "அப்பா தூங்கறாரு, நீ பரீட்சை எழுதிட்டு வா" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தவனும் அவன்தான்.

கேட்டுப் பார்க்க அம்மா இப்போது உயிரோடு இல்லை, ஆனாலும் வேப்பிலை விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவன் புருவத்துக்கு மேலே இன்னும் அம்மைத் தழும்பு இருக்கிறது, என் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தழும்பைக் காட்டிக் காட்டியே நான் வளர்ந்தேன். கடைசி முறுக்கு வேண்டுமானால், "உனக்காக வேப்பிலை கட்டினேன்ல, குடு" என்பேன். அவனுடைய சைக்கிள் வேண்டுமானாலும் அதையேதான் சொல்வேன். சிறுநீரகம் தருகிறேன் என்று அவன் சொன்ன நாளில்கூட, "சரி, வேப்பிலைக்கு வேப்பிலை" என்றேன். அவன் சிரித்தான். அந்த ஒரு சாக்கு இருந்ததால்தான் என்னால் அதை வாங்கிக்கொள்ள முடிந்தது. வெறும் கையோடு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு மனசு பெரிசில்லை.

இப்போது அந்தச் சாக்கையும் அவன் பிடுங்கப் பார்க்கிறானே என்றும் கோபம் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம். வீட்டில் இருந்திருந்தால் சுவரைச் சுரண்டியிருப்பேன். நான் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அழகேசன் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். பயம் வந்தால் அவர் படிப்பார். ஆபரேஷன் நடந்த அன்று சிறுநீரகத்தைப் பற்றி அவர் படித்ததை வைத்து ஒரு பரீட்சையே எழுதியிருக்கலாம்.

"தேவி, இம்யூன்ங்கற சொல் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?"

"எங்கேருந்து வந்தா எனக்கென்ன."

"ரோம்லேருந்து. அங்க ஒவ்வொருத்தனும் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமைக்கு மூனுஸ்னு பேரு. வரி கட்டறது, பொது வேலை செய்யறது, அந்த மாதிரி. சில பேருக்கு அதுலேருந்து விலக்குக் கொடுப்பாங்க. அவங்கதான் இம்யூனிஸ். மருத்துவத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் அப்போ சம்பந்தமே கிடையாதாம்."

எரிச்சலாக இருந்தாலும் காது கேட்காமல் இருக்குமா. "எங்க ஊர்ல கூழுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி வாங்க வருவாங்க. கல்யாணமான ஆம்பளை இல்லாத வீட்டுல வாங்க மாட்டாங்க. அப்பா போனப்புறம் எங்க வீட்டைத் தாண்டிப் போயிடுவாங்க. அந்த மாதிரியா?"

அழகேசன் முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான். ரொம்ப நாள் கழிச்சு டாக்டருங்க அந்தச் சொல்லை எடுத்துக்கிட்டாங்க. ஒரு நோய் ஒரு தடவை வந்துட்டுப் போன வீட்டுல மறுபடி வசூலுக்கு வராம தாண்டிப் போகுதில்ல, அதுக்கு."

"அப்போ என் வீட்டுக்கு வந்திருந்தாத்தானே தாண்டிப் போகும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

"காம்ப்ரமைஸும் லத்தீன்தான். சேர்ந்து வாக்குக் கொடுக்கறதுன்னு அர்த்தம். சண்டை போடுற ரெண்டு பேரும், மூணாவது ஆள் என்ன சொன்னாலும் கேட்டுக்கறோம்னு சேர்ந்து சத்தியம் பண்ணிக்குவாங்களாம். அப்புறம் விட்டுக்கொடுக்கறதுன்னு ஆச்சு. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, காவல் தளர்ந்து ஆபத்துக்கு வழிவிடறதுன்னு ஆச்சு. அந்தக் கடைசி அர்த்தத்தைத்தான் டாக்டருங்க இம்யூனோட ஒட்டிக்கிட்டாங்க. ஒட்டி ரொம்பக் காலம்கூட ஆகலை போல. உன் ஃபைல்ல இருக்கறது நம்ம அப்பா அம்மா காலத்துச் சொல்தான்."

சேர்ந்து வாக்குக் கொடுப்பது என்றது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் உடம்பும் அண்ணனின் சிறுநீரகமும் சண்டைக்காரர்கள். மாத்திரை மூன்றாவது ஆள். எட்டு மணிக்கு எட்டு மணி இரண்டும் அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கின்றன. குறைந்தவர் என்று முத்திரை குத்தியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் வேறு மாதிரி குத்தியிருப்பார்கள். அந்தப் பெரிய சொல்லை முதல் தடவையாக எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாக்கு இன்னும் எத்தனை நாள் நிற்குமோ. எனக்கு ஒன்று ஆனால் ஆகட்டும் என்று இருந்துவிட முடியாது. உள்ளே இருப்பது அவனுடையது. ஒரு டம்ளர் கூழுக்காக அதைப் பறிகொடுத்தேன் என்று நசரத்பேட்டைக்குப் போய் எந்த வாயால் சொல்வேன்.

பன்னிரண்டே கால் ஆனபோது டாக்டர் சுரேகாவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வழக்கமாக நர்ஸ்தான் வந்து கூப்பிடுவார். நான் எழுந்து நின்றேன்.

"உட்காருங்க. நல்ல சேதிதான். உங்களுக்கு அம்மை ஏற்கெனவே வந்திருக்கு. ரத்தத்துல ஆன்டிபாடி தெளிவா இருக்கு, நல்ல அளவுல இருக்கு. ஊசி தேவையில்லை."

"வந்திருக்கா? எனக்கா?"

"உங்களுக்குத்தான். எப்பவோ சின்ன வயசுல வந்திருக்கணும். எச்சரிக்கைக்கு ஒரு வாரம் மாத்திரை தர்றேன். நாலு வாரத்துக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் உடனே வரணும். அந்த வீட்டுக்கு இப்போ போகக் கூடாது. மத்தபடி நிம்மதியா தூங்குங்க."

தாளை வாங்கி மூன்று தடவை படித்தேன். பெயர், வயது, தேதி எல்லாம் சரிபார்த்தேன், ரத்தம் எடுத்த நேரத்தைக்கூடச் சரிபார்த்தேன். வேறு யாருடைய ரத்தத்தையாவது என் பெயரில் போட்டுவிட்டார்களோ என்று கேட்டேவிட்டேன். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கி நடந்து போனது. அழகேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், பசிதான் வந்தது. கேன்டீனில் ஆவி பறக்க நான்கு இட்லி சாப்பிட்டேன். அத்தனை ருசியான இட்லியை நான் ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை, சட்னி கெட்டியாக இல்லை என்றுகூட நான் சொல்லவில்லை.

நான்காவது இட்லியில்தான் உறைத்தது. அண்ணன் பொய் சொல்லவில்லை.

கையைக் கழுவிவிட்டுப் போன் போட்டேன். "ஒண்ணும் இல்லைண்ணா. எனக்கு ஏற்கெனவே வந்திருக்காம்" என்றேன். அவன் அண்ணியிடம் திரும்பி, "ஒண்ணியும் இல்லியாம்மே" என்று சொன்னது கேட்டது. குரல் கம்மியிருந்தது.

"நான்தான் நேத்தே சொன்னேன்ல" என்றான் என்னிடம்.

"அப்போ அம்மா ஏன்ணா அப்படிச் சொன்னாங்க? உனக்காகத்தான் கட்டறதா?"

"நேர்ந்துகினது உனக்குத்தான். உனக்குத்தான் ரொம்ப முடியாம பூடுச்சு. நாலு நாளு கண்ணே தொறக்கல. எனக்கு அப்பறம் லேசா போட்டுச்சு. நான் சொறிஞ்சிகினேன், தழும்பாயிடுச்சு, அவ்ளோதான். பெரியபாளையத்துக்கு போனா நீ கட்டமாட்டேன்ட்ட. இலைல எறும்பு கீது, கடிக்கும்னு தரைல உருண்ட. அம்மா கெஞ்சிப் பாத்துச்சு, ரெண்டு சாத்தியும் பாத்துச்சு. ஒண்ணும் ஆவல. அப்பறம் என்னைய இஸ்துகினு வந்து என் மூஞ்ச உனக்கு காட்டுச்சு. இது உனக்கில்லடி, அண்ணனுக்கு, நீ கட்டலன்னா அண்ணன் கண்ணு பூடும்னுச்சு. அவ்ளோதான். எந்திரிச்சி வந்து கைய தூக்கிகினு நின்ன. எறும்பு கடிச்சிச்சு, அப்பகூட நீ அழுவல."

எறும்பு எனக்கு நினைவிருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றதும் நினைவிருந்தது. தரையில் உருண்டது நினைவில்லை.

"முப்பத்தி ரெண்டு வருசமா நான் அதைச் சொல்லிச் சொல்லி உன்கிட்ட எல்லாத்தையும் பிடுங்கி இருக்கேன். ஒரு தடவையாவது சொல்லி இருக்கலாமில்ல?"

"இன்னாத்துக்கு சொல்றது? நீ எனக்காகத்தான கட்ன."

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். இட்லி தின்றபோது வராத அழுகை அப்போது வந்தது. கேன்டீன்காரர் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். அண்ணனும் வைக்காமல் அந்தப் பக்கம் இருந்தான். கொஞ்ச நேரத்தில் போன் கை மாறியது.

"தேவி" என்றாள் அண்ணி.

"நேத்து கத்திட்டேன் அண்ணி. மன்னிச்சுக்கோ. தப்பு என்னோடது."

"அத்த உடு. நீ கத்தனப்பவே நான் நேர்ந்துகினேன். உனக்கு ஒண்ணியும் ஆவலன்னா ஸ்வாதிக்கு பெரியபாளையத்துல வேப்பிலை கட்றேன்னு. இப்ப இவ இன்னாடான்னா கட்டமாட்டேன்னு குதிக்கறா."

பின்னாலிருந்து ஸ்வாதியின் குரல் கேட்டது. "எறும்பு இருக்கும். நான் மாட்டேன்."

"போன அவகிட்ட குடு அண்ணி."

அண்ணி நிஜமாகவே எனக்காக நேர்ந்துகொண்டாளா, இல்லை எங்கம்மா வழியில் மகளுக்காக நேர்ந்துகொண்டு என் பெயரைச் சொல்கிறாளா, எனக்குத் தெரியாது. வேறு எந்த விஷயமாக இருந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். இதை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

"ஸ்வாதி, அந்த வேப்பிலை உனக்கில்லடா. அத்தைக்கு."

"உனக்கா அத்தை?"

"ஆமா. எனக்கு உடம்பு சரியா இருக்கணும்னு."

"அப்ப கட்றேன்" என்றாள் ஸ்வாதி. "எறும்ப மட்டும் அப்பாவ தட்டி உடச் சொல்லு."